கொக்கி இல்லாத கூரை

ஜனவரி 11

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஸ்டூலைப் போட்டு ஏறி, அட்டாலியில் இருந்த நீலப் பெட்டியை இறக்கினேன். பாலைக்கூட அடுப்பில் வைக்கவில்லை. தூசி முகத்தில் கொட்டி, தும்மல் நிற்க வெகுநேரமானது.

நேற்று சாயங்காலம் சம்யுக்தா பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். வழக்கமான பேச்சுதான். சாப்பிட்டாயா, துணி துவைத்தாயா, ரூமில் தண்ணீர் வருகிறதா. போனை வைக்கப் போகிற நேரத்தில் சொன்னாள்.

“அம்மா, மே மாசம் ஒரு வாரம் லீவு வருது. ஒசாகா போலாமா? நீயும் நானும் மட்டும்.”

“ம்.”

“ம்னா? போலாங்கற ம்மா, வேண்டாங்கற ம்மா?”

“கணக்குப் போட்டுப் பாக்கோணும் அம்மிணி.”

“காமர்ஸ் டீச்சர்கிட்டக் கேட்டது என் தப்பு.”

ஜப்பானில் எத்தனையோ ஊர் இருக்கிறது. ஏன் ஒசாகா என்று நான் கேட்கவில்லை.

பெட்டி 2004இல் கோயமுத்தூர் கிராஸ்கட் ரோட்டில் வாங்கியது. சம்யுக்தாவின் அப்பா தாமோதரன் அந்த வருடம் ஒரு பம்ப் கம்பெனி வேலையாக ஒசாகா போனார். ஆறு மாதத்தில் எங்களையும் கூப்பிட்டுக்கொள்வதாக ஏற்பாடு. அதற்காக வாங்கிய பெட்டி. இதுவரை ஈரோட்டைத் தாண்டியதில்லை. விருந்தாளிப் போர்வைகளை அதில் போட்டு வைத்திருந்தேன்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்ததில் அடியில் மஞ்சள் கம்பளித் தொப்பி ஒன்று கிடைத்தது. அங்கே குளிரும் என்று கைக்குழந்தைக்கு நானே பின்னியது. கையை மூடி அதன்மேல் மாட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

ஒரு சக்கரம் சுற்றவில்லை. பிரப் ரோட்டில் பை தைக்கிறவரிடம் காட்ட வேண்டும்.


ஜனவரி 16

பொங்கல் விடுமுறை. பாத்திரங்களைக் கழுவி எடுத்து வைத்துவிட்டு, கணக்குப் போட உட்கார்ந்தேன். டிக்கெட், விசா, தங்குகிற இடம், உள்ளூர் ரயில், சாப்பாடு, இதர. எந்தக் குடும்பத்திலும் இதரதான் கடைசியில் முதலிடத்துக்கு வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆகையால் அதற்கு முதலிலேயே தாராளமாக ஒதுக்கினேன்.

ஏப்ரலில் செர்ரிப் பூ. ஆனால் ஏப்ரல் முழுக்க எனக்கு விடைத்தாள் திருத்தும் பணி. மே முதல் வாரம் ஜப்பான்காரர்களுக்கே தொடர் விடுமுறையாம், ரூம் வாடகை இரண்டு மடங்கு. ஆக மே நடுவில், பூ முடிந்து, கூட்டமும் முடிந்த பிறகு. எனக்கு அதுவே போதும்.

இன்று நூறு யென் அறுபது ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. 2004இல் நாற்பது. இது எனக்கு நினைவிருக்கிறது என்பது எனக்கே ஆச்சரியம். அன்றைக்கு நான் போட்டது வேறு மாதிரிக் கணக்கு, குடித்தனக் கணக்கு. ஒரு முட்டைக்கோஸ் என்ன விலை, அரிசி என்ன விலை, பால் என்ன விலை என்று ஒவ்வொரு வாரமும் ஒரு பட்டியல் கொடுப்பேன். அவர் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போன் கார்டு போட்டுக் கூப்பிட்டு, படித்துக் காட்டுவார்.

“முட்டைக்கோஸ் எம்பது ரூவா.”

“எம்பதா? அப்ப பொரியலுக்கு ஒவ்வொரு எலையா எண்ணித்தான் போடோணும்.”

அவர் சிரிப்பது அவ்வளவு தூரத்திலிருந்து கொஞ்சம் தாமதமாக வந்து சேரும்.

அடுப்படியில் அப்போது இரண்டு கடிகாரம் மாட்டியிருந்தேன். ஒன்று ஈரோடு, ஒன்று ஒசாகா. இங்கே நான் காலையில் கிரைண்டர் கல்லைக் கழுவும்போது அங்கே அவர் டப்பாவைத் திறந்து மதியச் சோறு சாப்பிடுவார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் “இது ஏன் தப்பா ஓடுது?” என்று கேட்பார்கள். சொல்வதில் எனக்கு ஒரு பெருமை.


ஜனவரி 23

பள்ளி ஓய்வறையில் ரெஜினா டீச்சரிடம் மட்டும் சொன்னேன். அவர் பரீட்சை அட்டையில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். பேனாவை மூடினார்.

“ஒசாகாவா? அங்கதான அவரு இருக்காரு?”

“அது பெரிய ஊருங்க டீச்சர். நம்ம மணிக்கூண்டுகிட்ட நின்னா சொந்தக்காரங்க அத்தன பேரையும் பாத்தர்றாப்பல, அங்க பாக்க முடியுமா?”

“நான் ஊரு எவ்ளோ பெருசுன்னு கேக்கல வசுமதி.”

“அவரப் பாக்கறது திட்டத்துல இல்ல.”

“யாரு திட்டத்துல?”

மணி அடித்துவிட்டது.

பதில் இருக்கிறது. அவருக்கு அங்கே வேறு குடும்பம் ஆகி வெகுகாலமாகிவிட்டது. ஒரே ஒரு தடவை வந்தார், கோர்ட்டில் கையெழுத்துப் போட்டார், மறுநாளே போய்விட்டார். அப்போது சம்யுக்தா ஒன்றாம் வகுப்பு. அதன்பின் அவரோடு எங்களுக்குப் பேச்சில்லை. ஒசாகாவில் கோட்டை இருக்கிறது, பெரிய மீன் காட்சியகம் இருக்கிறது, பக்கத்து ஊரில் மான்கள் தெருவில் நடக்கின்றன. இதெல்லாம் பார்க்க ஒருத்தி போகக் கூடாதா?


பிப்ரவரி 1

சம்யுக்தா திட்டத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு அனுப்பியிருக்கிறாள். இரண்டு பேரும் அதில் எழுதலாம். நான் இங்கே ஒரு வரி மாற்றினால் அங்கே அவளுக்குத் தெரிகிறது. “அம்மா, சாப்பாட்டுக்கு ஒதுக்கினத ஏன் கொறச்ச?” என்று உடனே போன்.

“தயிர்சாதத்துக்கு என்ன செலவு?”

“ஒசாகா போயி தயிர்சாதமா? மொதல்ல அங்க தயிரு நம்ம தயிரு மாதிரி இருக்காது.”

“அதான் மோர் மொளகா எடுத்துட்டு வர்றேன்.”

“கடவுளே.”

மே 17 ஞாயிறு, கோயமுத்தூரிலிருந்து புறப்பாடு, சிங்கப்பூர் வழியாக. 25 திரும்ப வருவது. நடுவில் வரும் வெள்ளிக்கிழமை மட்டும் காலியாக இருக்கிறது. ‘சும்மா’ என்று போட்டிருக்கிறாள். சரி, கால் வலிக்கும், ஒரு நாள் ஓய்வு வேண்டும்தான்.

தங்குகிற இடத்தை ஊரின் நடுவில் போடாமல், வடக்கே சுய்தா என்ற பகுதியில் போட்டிருக்கிறாள். கோட்டையும் தூரம், மீன் காட்சியகமும் தூரம். வாடகை குறைவு என்கிறாள். வரைபடத்தில் பார்த்தேன். ரயிலுக்கு ஆகும் செலவைச் சேர்த்தால் அப்படி ஒன்றும் குறையவில்லை.

நான் அதை மாற்றவில்லை. சுய்தா என்ற பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அவருக்கு அனுப்பிய எத்தனையோ கடித உறைகளின்மேல் எழுதியிருக்கிறேன். இப்போது அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு பகுதியில் லட்சக்கணக்கானவர்கள் இருப்பார்கள்.


பிப்ரவரி 8

ஞாயிறு. ஜன்னல் திரைகளைத் துவைத்தேன். வேலை முடிந்து, சும்மா இருக்க முடியாமல், ஒரு பழைய தாளில் ஜப்பானிய எழுத்தை எழுதிப் பார்த்தேன். அ, இ, உ, எ, ஒ. முதல் ஐந்தும் நம் உயிரெழுத்து போலவே ஒலிக்கும், அதனால்தான் 2004இல் படித்தபோது அவ்வளவு சீக்கிரம் படிந்தது. கிரைண்டருக்கு மேலே ஒரு அட்டை ஒட்டியிருந்தேன். மாவு தெறித்துத் தெறித்து நான்காவது வரிசை பாதி அழிந்துபோனது. இன்றும் அந்த நான்காவது வரிசையில்தான் எனக்குத் தடுமாறுகிறது.

இன்று நான் எழுத உட்கார்ந்தது இந்த எழுத்தைப் பற்றி அல்ல.

அவர் வீடு பார்த்துவிட்டதாகப் போட்டோ அனுப்பினார். மூன்றாம் மாடி. அறைக்கு வெளியே ஒரு முழ அகலத்தில் பால்கனி, அதில் துணி காயப்போட ஒரு கம்பி. அந்தக் கம்பியில் அவருடைய சட்டை ஒன்று மட்டும் தொங்கியது. நான் கிராப் தாளில் அந்த வீட்டை வரைந்தேன். அரிசி டப்பா இங்கே, சாமி படம் இங்கே, பாய் இங்கே. எல்லாம் வைத்த பிறகு தொட்டில் மிச்சமிருந்தது. சம்யுக்தா சேலைத் தொட்டிலில் போட்டால்தான் தூங்குவாள், பாயில் போட்டால் வீறிடுவாள். ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.

“கூரைல கொக்கி இருக்குதுங்களா?”

“எதுக்கு?”

“தொட்டில் கட்டத்தான்.”

இங்கே கூரை அட்டை போல இருக்கும், கொக்கி அடித்தால் வீட்டுக்காரர் விடமாட்டார் என்றார். கேட்டுப் பாருங்கள் என்றேன். அடுத்த வாரம் கேட்டீர்களா என்றேன். அதற்கு அடுத்த வாரமும். கடைசியில் அவர், “பாப்பா தொட்டில விட்டு எறங்கட்டும், அப்பறம் வாங்க. அவசரம் என்ன இருக்குது?” என்றார்.

அதுதான் முதல் காரணம். பிறகு வேறு காரணங்கள் வந்தன. ஆனால் நான் வெகுநாள் வரை அந்தக் கொக்கியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கேட்காமலே இருந்திருக்கலாம். போய் இறங்கிவிட்டு, குழந்தையை நாலு நாள் மடியில் போட்டுத் தூங்க வைத்திருக்கலாம்.

திரைகள் காய்ந்துவிட்டன. மாட்ட வேண்டும்.


பிப்ரவரி 14

இன்று நானே டிக்கெட் எடுத்தேன். விலை குறைந்திருப்பதாக போனில் செய்தி வந்தது. சம்யுக்தாவைக் கூப்பிட்டால் மீட்டிங் என்று வெட்டிவிட்டாள். குறைந்த விலை சாயங்காலம் வரைதான். பாஸ்போர்ட் எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். பணம் கட்டியதும் பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. எழுந்து போய் ரசத்தை இறக்கினேன்.


பிப்ரவரி 15

தப்பு செய்திருக்கிறேன்.

“அம்மா, டிக்கெட்ல உன் பேரு என்ன போட்ட?”

“வசுமதி குப்புசாமி. அதான என் பேரு?”

“பாஸ்போர்ட்ல அப்படி இல்லையே.”

எடுத்துப் பார்த்தேன். போன வருடம் புதிதாக எடுத்த பாஸ்போர்ட். பழையதில் என் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. புதியதில் எதைப் போடுவது என்று பாஸ்போர்ட் ஆபீஸில் கேட்டபோது, எதையும் போட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அதனால் பாஸ்போர்ட்டில் நான் வெறும் வசுமதி. டிக்கெட் எடுக்கிற இடத்தில் குடும்பப் பெயரை எழுதாமல் மேலே போக விடவில்லை. பள்ளி ரிஜிஸ்டரில் தினமும் கு. வசுமதி என்று கையெழுத்துப் போடுகிற கை, இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதிவிட்டது.

குப்புசாமி என்ற குடும்பமே கிடையாது. அது என் அப்பா ஒருவருடைய பெயர். விமானக் கம்பெனிக்கு இதை யார் சொல்வது?

சம்யுக்தாவுக்குப் பிரச்சனை இல்லை. அவள் டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டிலும் ஒரே மாதிரி சம்யுக்தா தாமோதரன்.


பிப்ரவரி 17

பஸ் ஸ்டாண்டு பக்கம் டிராவல்ஸ் வைத்திருக்கும் இப்ராஹிமைப் பார்த்தேன். ரெஜினா டீச்சர் சொன்ன ஆள். டிக்கெட்டைப் பார்த்ததுமே புன்னகைத்தார்.

“மேடம், தமிழ்நாட்டுல பாதிப் பேருக்கு இதே கததானுங்க. போன வாரம் ஒருத்தரு, அவங்க அப்பா பேருல ஏறி ஒக்காந்துட்டாரு. அப்பாவுக்கு வயசு எம்பது.”

“சரி பண்ண முடியுங்களா?”

“எழுதிக் கேப்பமுங்க. பதில் வர்றதுக்கு நாளாவும். ஆனா முடியும். விசாவும் நம்மகிட்டயே குடுத்துருங்க, ஏப்ரல் கடைசில அனுப்பிக்கலாம்.”

பெட்டிச் சக்கரம் சரியாகிவிட்டது. வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் அடுப்படிக்கும் நான்கைந்து தடவை இழுத்துப் பார்த்தேன்.


பிப்ரவரி 22

சம்யுக்தா ஜப்பானுக்குக் கொள்ளுப் பொடி கொண்டு போக விடுவார்களா என்று கேட்கிறாள். எள்ளுப் பொடியா என்றேன். இல்லை, கொள்ளு என்றாள்.

சின்ன வயதிலிருந்து கொள்ளு ரசம் வைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறவள். ஊர் மாறினால் வாய் மாறும் போலிருக்கிறது. பெங்களூரில் நல்ல சாப்பாடு கிடைப்பதில்லை.

விடுவார்களாம், இப்ராஹிமிடம் கேட்டுவிட்டேன். வறுத்து அரைத்ததாக இருந்தால் சரி என்றார்.

இந்த வீட்டில் கடைசியாக ஒரு படி கொள்ளு ஒரே நாளில் வறுத்தது 2004இல், அவருக்குக் கொடுத்தனுப்ப.


மார்ச் 7

சம்யுக்தா வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டியில் வந்தாள். காலையில் கொள்ளு வறுக்க உட்கார்ந்தோம். அவள் அடுப்படி மேடையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் அந்தக் காலி வெள்ளிக்கிழமையை மான்கள் இருக்கிற ஊருக்குப் போக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிஸ்கட் நீட்டினால் மான் தலை குனிந்து வணக்கம் சொல்லுமாம், அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அம்மா, வெள்ளிக்கெழமைய மட்டும் விட்டுரு.”

“ஏன்? சும்மாதான இருக்குது?”

“சும்மா இல்ல.”

கொள்ளு வெடித்தது. நான் கரண்டியை நிறுத்தவில்லை, நிறுத்தினால் கருகிவிடும்.

“நான் ஒருத்தரப் பாக்கப் போறேன். ஒருத்தர் இல்ல. ரெண்டு பேரு.”

“தெரியும்” என்றேன்.

அப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

ஒன்றரை வருடமாகப் பேசுகிறாளாம். முதலில் எழுதியது அவர் இல்லை, அவருடைய அங்கத்துப் பெண். மியோ என்று பெயர், பதினைந்து வயது. அப்பாவின் பழைய சான்றிதழ்களில் ஈரோடு என்று ஊர்ப் பெயரைப் பார்த்து, இவள் பெயரையும் எப்படியோ தெரிந்துகொண்டு, இணையத்தில் தேடிப் பிடித்திருக்கிறாள்.

“மூக்கு அப்படியே என் மூக்கும்மா. காட்டட்டா?”

“அப்பறம் பாக்கறேன்.”

“என்ன அக்காங்கறா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”

“அவரு உன்ன எப்படிக் கூப்படறாரு?”

“சம்யுக்தான்னு. முழுசா. சம்முன்னு கூப்படறது அவருக்குத் தெரியாதுல்ல.”

அவருக்குத் தெரியும். சம்மு என்று முதலில் கூப்பிட்டதே அவர்தான். இதை நான் சொல்லவில்லை.

“நீயும் வாயேம்மா. ஒரு மத்தியானச் சாப்பாடுதான். அவங்களும் உன்னக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.”

“எவங்க?”

“எல்லாருந்தான்.”

வறுத்ததைத் தட்டில் கொட்டி ஆற வைத்தேன். “நீ போயிட்டு வா அம்மிணி. நான் எங்கயும் வரல. ஒசாகாவுக்கே வரல” என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை. அவள் மேடையிலிருந்து இறங்கி என் முதுகில் சாய்ந்தாள். பெரிய பெண், கனமாக இருந்தாள். கொள்ளு வாசனையில் இருவருக்கும் கண் எரிந்தது என்று வைத்துக்கொள்கிறேன்.


மார்ச் 8

அவளை ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்தேன். பொடியை அவள் எடுத்துக்கொண்டு போகவில்லை. பெட்டியில் மறுபடி போர்வைகளை வைத்தேன்.


மார்ச் 19

பரீட்சை மேற்பார்வை. சரியான வெயில். கம்ப்யூட்டரில் திட்டம் அப்படியே இருக்கிறது. அவள் ஒரு வரியையும் மாற்றவில்லை. நானும் மாற்றவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைத் திறந்து பார்த்திருக்கிறோம் போல. மூலையில் அவள் பெயரின் முதல் எழுத்து வந்தது. கொஞ்ச நேரம் இருந்தது. போய்விட்டது.


ஏப்ரல் 6

திருத்தும் பணி ஆரம்பம். ஒரு அறையில் முப்பது பேர், நான்கு மின்விசிறி, அதில் ஒன்று சத்தம் மட்டும் போடும். தேநீர் இடைவேளையில் ரெஜினா டீச்சர் என் போனை எட்டிப் பார்த்தார்.

“என்ன பாக்கற?”

“வெயில்.”

“ஒசாகாவுல பதினெட்டு டிகிரின்னு போட்டிருக்குது. ஈரோட்டு வெயிலு ஒசாகா பேருல வருதா?”

நான் போனை மூடினேன். அவர் விடவில்லை.

“போகலைன்னு சொல்லிட்டு தெனமும் அங்க மழ வருதான்னு பாத்துட்டு இருக்கற. உனக்குக் கோவம் யாரு மேல?”

“பொண்ணு மேல இல்லைங்க.”

“அவரு மேலயா?”

யோசித்துப் பார்த்தேன். அவர்மேல் இருந்தது. அது எப்போது தீர்ந்தது என்று எனக்குத் தெரியாது, பருப்பு டப்பா காலியாவது போலத்தான், ஒரு நாள் திறந்தால் இல்லை.

“டீச்சர், நான் இந்த ஊருக்குப் போறதுக்கு ரெண்டு தடவ பெட்டி எடுத்தேன். மொதத் தடவ அவரு கூப்படறதுக்காக. இந்தத் தடவ அவ அவரப் பாக்கறதுக்காக. நான் போறதுக்காக ஒரு தடவயும் எடுக்கல.”

“அதுக்கு யாரு உன்னத் தடுத்தாங்க?” என்று கேட்டுவிட்டு, அவர் என் தட்டில் இருந்த கடைசி பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.


ஏப்ரல் 12

சம்யுக்தாவைக் கூப்பிட்டேன்.

“போலாம்” என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“வெள்ளிக்கெழமை நீ போ. நான் வரல. அதுல ஒண்ணும் மாத்தமில்ல.”

“நீ தனியா என்னம்மா பண்ணுவ?”

“துணி தொவைப்பேன்.”

“ஒசாகா போயி துணி தொவப்பியா?”

“அங்க காயப்போட நல்ல எடம் இருக்குதாமா.”

சிரித்தாள். அவளுக்குப் புரிந்திருக்காது. பிறகு தயங்கித் தயங்கி, மியோவுக்கு ஏதாவது கொண்டு போகலாமா, என்ன கொண்டு போகலாம் என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்தப் பெண் என்ன தப்பு செய்தாள்? அக்கா என்று கூப்பிடுகிறாள்.

ஒரு வெள்ளிக் கொலுசு வாங்கலாம். காலுக்கு அளவு தெரியவில்லை. சம்யுக்தா அளவே இருக்கும்.


ஏப்ரல் 24

பணி முடிந்து வரும் வழியில் இப்ராஹிம் கடை. டிக்கெட் திருத்தம் வந்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தார். அச்சடித்துக் கையில் கொடுத்தார். குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்கு அவர்கள் சொந்தப் பெயரையே இரண்டு இடத்திலும் போட்டுவிடுவார்களாம்.

வசுமதி வசுமதி.

“யாராச்சும் கூப்படறாப்பல இருக்குதுங்களே” என்றேன்.

“ஒரு தடவ கூப்டா நீங்க திரும்ப மாட்டீங்கன்னு நெனச்சிருப்பாங்க மேடம்.”

அவருக்கு அது வெறும் வேடிக்கை. நான் தாளை மடிக்காமல் பையில் வைத்தேன்.

“பேர மாத்தறதுக்காக உங்க டிக்கெட்டையும் பாப்பா டிக்கெட்டையும் தனித்தனியாப் பிரிச்சாச்சுங்க. வர்ற செவ்வாக்கெழம விசாவுக்கு அனுப்பறேன். போறது வர்றதுல ஏதாச்சும் மாத்தோணும்னா அதுக்குள்ள சொல்லிருங்க. அப்பறம் அனுப்பின தேதிதான்.”

“ஒண்ணும் இல்லைங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். பாதிப் படியில் நின்றேன். மேலே ஏறவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.


ஏப்ரல் 26

காலையில் எழுந்ததும் பெட்டியைத் திறந்து போர்வைகளை எடுத்து வெயிலில் போட்டேன். தொப்பியைத் துவைத்தேன். அதைப் பெட்டியில் வைப்பதா அலமாரியில் வைப்பதா என்று கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அலமாரியில் வைத்தேன்.

பிறகு கணக்கை எடுத்தேன். இதரவில் ஒதுக்கியது அப்படியே இருக்கிறது. பள்ளி திறப்பது ஜூனில். சம்யுக்தாவுக்கு லீவு மே 25உடன் முடிகிறது. என் லீவு அத்துடன் முடியவில்லை.

மத்தியானம் வரை தேடினேன். சுய்தாவில் தேடவில்லை. ஊரின் தெற்கே, காய்கறிச் சந்தை ஒன்று இருக்கிற தெருவில், ஒரு சின்ன வீடு. ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு முழ அகலத்தில் பால்கனி. படத்தில் துணிக் கம்பியில் எதுவும் தொங்கவில்லை. நாள் வாடகைக்குக் கொடுக்கிறார்கள், ஓட்டலைவிடக் குறைவு.

சம்யுக்தாவை விமான நிலையத்தில் ஏற்றிவிட்டு நான் திரும்பி ஊருக்குள் போவேன். அந்த வீட்டில் மாதக் கடைசி வரை குடியிருப்பேன். கோட்டைக்குப் போகமாட்டேன். சந்தைக்குப் போய் ஒரு முட்டைக்கோஸ் விலை கேட்பேன், ஜப்பானிய மொழியில் கேட்பேன், பதில் புரியாவிட்டால் விரலைக் காட்டச் சொல்வேன். இலை எண்ணாமல் பொரியல் செய்வேன். துணி துவைத்துக் காயப்போடுவேன். சாயங்காலம் பால்கனியில் நின்று, ஈரோட்டில் இப்போது என்ன மணி என்று கழித்துப் பார்ப்பேன்.

நாளை காலை திருத்தும் பணிக்குப் போகும் வழியில் இப்ராஹிமிடம் என் டிக்கெட்டின் திரும்பும் தேதியை மட்டும் மாற்றச் சொல்ல வேண்டும். சம்யுக்தாவிடம் எப்போது சொல்வது என்று தெரியவில்லை. “தனியாவா?” என்பாள். ரெஜினா டீச்சரிடமும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில்தான் முதலில் எழுதுகிறேன்.

வீட்டைப் பதிவு செய்யும் இடத்தில் என் பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதினேன். கடைசியில் இன்னொரு கட்டம் இருந்தது. வீட்டுக்காரரிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு காலியாகவே விட்டுவிட்டு அனுப்பினேன்.